சகோதரி என்னும் சொல்
கலாசாலை விடுதிகளின் கதை

தோட்டத்தில் பிறந்த பெண்ணொருத்தி மேற்படிப்புக்கென்று வீட்டைவிட்டுப் புறப்படும் நாளில், அவள் தாயின் வாயினின்று முதலில் வரும் கேள்வி பாடத்தைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியதுமன்று. "அங்கே உனக்கு யார் துணை?" என்பதே அக்கேள்வி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமாயினும், ஈப்போ நகரத்து வீடாயினும், கேள்வி ஒன்றுதான். பெண்ணைக் கலாசாலைக்கு அனுப்பத் தயங்கும் தந்தையின் மனத்தில் உறைந்து கிடப்பதும் இதுவே. விடுதியில் நம் பெண் யாருடன் உண்பாள், யாருடன் உறங்குவாள், நோயுற்றால் யார் தலைமாட்டில் அமர்வார் என்பதற்கு விடை தெரியாதவரையில், கல்வியின் பெருமையை எத்தனை மேடைகளில் முழங்கினும் அப்பெற்றோர் செவியில் ஏறாது.

ஆகலின், கலாசாலைப் பெண்கள் ஒரே கூரையின்கீழ்ச் சகோதரிகளாய் வாழும் வாழ்க்கை உண்மையில் எத்தகையது என்பதை ஆராய்வது பயனுடைத்து. அமெரிக்க நாட்டில் இதற்கெனவே ஒரு பெயரும், பெரும் பெரும் மாளிகைகளும் உள. அந்நாட்டுத் திரைப்படங்களைப் பார்த்தோர், அம்மாளிகைகளில் ஆடலும் பாடலும் பொறாமைப் பூசலுமே நடப்பதாக எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. அக்கதையை முதலிற் கூறி, அதன்பின் நம் தமிழ்ப் பெண்கள் கட்டிய சகோதரி வீடுகளுக்கு வருவோம்.

பெயரும் பிறப்பும்

அமெரிக்கக் கலாசாலைகளில் மாணவிகள் அமைத்துக்கொண்ட சங்கத்திற்குச் 'சொராரிட்டி' என்று பெயர். இலத்தீன் மொழியில் 'சொரார்' என்றால் சகோதரி. 1874இல் சிராகியூஸ் சர்வகலாசாலையில் நான்கு மாணவிகள் தொடங்கிய சங்கமொன்றிற்காக, 1882இல் அங்கிருந்த இலத்தீன் ஆசிரியர் ஒருவர் இச்சொல்லை வழங்கினார். ஆனால் சங்கம் சொல்லினும் மூத்தது.

1867இல் இண்டியானா மாகாணத்துக் கலாசாலையொன்று முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே சேர்ந்த முதற் பெண்களுள் பெட்டி லாக் என்பவர் ஒருவர். ஆண் மாணவர்கள் தமக்குள் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிய இரகசியச் சங்கங்களை வைத்திருந்தனர். அவர்களுள் ஒரு சங்கத்தார், பெட்டி லாக் தம் சின்னத்தை ஆடையில் அணிந்துகொள்ளலாம் என்றனர். சங்கத்தின் அங்கத்தினராகலாம் என்று மட்டும் கூறவில்லை. அலங்காரப் பொருளாக இருக்க அவர் இசையவில்லை. 1870 ஜனவரி 27ஆம் நாள், தோழியர் மூவருடன் தமக்கென ஒரு சங்கம் கண்டார். ஆண்கள் நிறைந்த வகுப்பில், பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்னும் ஏளனத்திற்கு நடுவே, ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்க எழுந்ததே அச்சங்கம். தொடக்கம் இத்தகைய சிறப்புடையது.

இனி, அவ்வீட்டு வாழ்க்கையைக் காண்போம். கலாசாலை திறந்தவுடன், புதிய மாணவிகள் வீடு வீடாகச் சென்று மூத்த மாணவிகளுடன் சில நாள் உரையாடுகின்றனர். இரவில் மூத்தோர் கூடி, இன்னாரைச் சேர்ப்பது, இன்னாரை விடுவது என்று வாக்களிக்கின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்கு அழைப்புச் சீட்டு வருகிறது. சில வாரப் பயிற்சிக்குப்பின், அடைத்த கதவுக்குள் நடக்கும் சடங்கொன்றில் அவள் சகோதரியாக ஏற்கப்பட்டுச் சின்னம் பெறுகிறாள். அதன்பின் அவளுக்கென ஒரு 'பெரிய அக்கா' உண்டு. பாடத்தில் தளர்ந்தால் உடனிருந்து படிப்பிக்கவும், ஊர் நினைந்து அழுதால் தேற்றவும் கடமைப்பட்டவள் அவள். வீட்டிற்கு ஒரு தலைவி, ஒரு பொக்கிஷதாரி, சமையற் கணக்கு, மாதச் சந்தா, படிப்பு நேரம் எல்லாம் உண்டு. இருபது வயதுப் பெண்கள் தம் வீட்டைத் தாமே ஆளக் கற்கின்றனர். கூட்டம் நடத்தவும், வரவு செலவு எழுதவும், கருத்து மாறுபட்டவரோடு ஒரே மேசையில் உண்ணவும் பழகுகின்றனர். நல்லாசிரியரும் கற்பிக்கவியலாத பாடங்கள் இவை.

குறையும் உண்டு. புதியவளைப் பணியவைக்கும் பெயரால் இழிவும் துன்பமும் செய்தல் சில இடங்களில் நடக்கிறது. தாய் இருந்த சங்கத்தில் மகளுக்கு முன்னுரிமை தரும் வழக்கமும் உண்டு. சந்தாவும் ஆடையும் விருந்துமாகச் செலவு பெருகுகிறது. ஏழை மாணவி எட்டி நிற்கிறாள். ஆயினும் இவற்றினும் பெரிய குறை ஒன்றுளது. அஃது அந்த இரவு வாக்கெடுப்பில் இருக்கிறது. சகோதரி என்பவள் வயிற்றிற் பிறந்து வருபவள். நாம் தேர்ந்தெடுத்து வருபவளல்லள். தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோதே, சகோதரி என்னும் சொல்லுக்கு ஒரு வாசற்படியும், வாசற்படிக்கு வெளியே நிற்கும் ஒருத்தியும் உண்டாகிவிட்டனர்.

வெளியே நின்றவர்கள்

ஏளனத்திற்கு எதிராகப் பிறந்த அச்சங்கங்கள், நாளடைவில் தாமே ஏளனம் செய்யத் தொடங்கின. வெள்ளையர் மட்டும், கிறிஸ்தவர் மட்டும் என்பது சிலவற்றில் எழுதிய விதியாகவும், பலவற்றில் எழுதாத வழக்கமாகவும் நிலைத்தது. யூதப் பெண்கள் 1909இல் நியூயார்க் நகரத்துப் பார்னார்டு கலாசாலையில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். கறுப்பினப் பெண்கள் அதற்கு ஓராண்டு முன்னரே, 1908இல், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலையில் 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' என்னும் சங்கத்தை நிறுவினர். 1913இல் அங்கேயே 'டெல்டா சிக்மா தீட்டா' என்னும் இன்னொரு சங்கம் எழுந்தது. எழுந்த சில வாரங்களிலேயே, மார்ச்சு 3ஆம் நாள், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த பேரணியில் அம்மாணவிகள் அணிவகுத்துச் சென்றனர். கறுப்பினப் பெண்கள் பின்னால் தனியே நடக்கட்டும் என்ற பேச்சு, உரிமை கேட்ட அப்பேரணியிலேயே எழுந்ததென்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தோட்டத்து வாசகர்கள் உற்றுக் கேட்கவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 1935ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்தைச் சேர்ந்த படித்த நகரத்துப் பெண்கள், டாக்டர் டாரதி ஃபெரபி என்னும் அம்மையார் தலைமையில், மிசிசிப்பி மாகாணத்துப் பருத்தித் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். அங்கே கறுப்பினக் குடியானவரின் பிள்ளைகள் அம்மையாலும் தொண்டை அடைப்பான் நோயாலும் வருந்தினர். மருத்துவர் முகம் காணாதோர் அவர்களுட் பலர். ஓரிடத்தில் மருந்துச்சாலை அமைத்து, அங்கே வாருங்கள் என்று அழைப்பதே முதல் திட்டம். தோட்ட முதலாளிகள் அதற்கு இடந்தரவில்லை. வெளியிலிருந்து வந்த படித்த பெண்கள் தம் ஆட்களிடம் என்ன பேசுவார்களோ என்று அஞ்சி, தொழிலாளரை எல்லை தாண்டவிடவில்லை. அப்பெண்கள் திரும்பிப் போய்விடவில்லை. தம் மோட்டார் வண்டிகளையே மருந்துச்சாலையாக்கித் தோட்டந்தோறும் சென்றனர். வயலோரத்தில் நின்று பிள்ளைகளுக்கு ஊசி குத்தினர். ஒரு கோடையோடு நில்லாது, பின்வந்த சில ஆண்டுகளிலும் இது தொடர்ந்தது.

கங்காணியின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் காலடி வைக்கவியலாத காலத்தைக் கண்ட நம் முதியோர்க்கு, இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டம் பெற்ற பெண்கள் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அமராமல், தோட்டத்துப் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக எண்ணிப் போனார்கள். கிரேக்க எழுத்துக்கள் பொறித்த சின்னத்திற்கு அன்றுதான் பொருள் உண்டாயிற்று.

அமெரிக்கர் அனைவரும் அதனாற் பாடம் கற்றுவிட்டார்களென்று எண்ணவேண்டா. 2013ஆம் ஆண்டிலேகூட, அலபாமா சர்வகலாசாலையின் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பின மாணவியை நிறம் பற்றி விலக்கியதை மாணவர் பத்திரிகையே வெளியிட்டது. மாணவிகள் சேர்க்க விரும்பியும், முன்னாள் அங்கத்தினர் தடுத்தனர் என்பது அச்செய்தி. இளையவர் திறக்கும் கதவை மூத்தவர் அடைப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

பனிக்கட்டி வீட்டின் சகோதரிகள்

நிற்க. நம் தமிழ்ப் பெண்களின் கதைக்கு வருவோம். பெண்கள் வீட்டைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்கப் பாதிரிமார் 1824இலேயே பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கினர். பெண்ணை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். உணவும் உடையும் தருகிறோம், மணக்காலத்தில் சீதனமும் தருகிறோம் என்று சொல்லியே பாதிரிமார் பெண்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1840இல் அங்கு வந்த எலிசா ஆக்னியு என்னும் மாது ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்விடுதியிலேயே வாழ்ந்து, 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்று பெயர் பெற்றார். அது பிற நாட்டார் தாயாய் இருந்து நடத்திய வீடு. தமிழ்ப் பெண்ணொருவர் தாமே சகோதரியாய் நின்று நடத்திய வீடு சென்னையில் எழுந்தது.

சுப்பலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பதினொரு வயதில் மணம். சின்னாளிலேயே கணவன் இறந்தான். கணவனென்றால் என்னவென்று அறியுமுன்னே கைம்பெண் என்னும் பெயர். அந்நாளில் பிராமணக் குடும்பங்களிற் குழந்தை விதவையின் கதி யாவரும் அறிந்ததே. தலை மழித்து, ஒருவேளை உணவிட்டு, சுப காரியங்களிற் கண்ணிற் படாமல் மூலையில் ஒதுக்குவர். எதிரே வந்தாற் சகுனப் பிழை என்பர். சுப்பலட்சுமியின் தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை அம்மூலைக்கு அனுப்பவில்லை. புத்தகத்தைக் கையிற் கொடுத்தார். சுற்றத்தாரின் தூற்றலைப் பொறுத்தார். 1911இல் சுப்பலட்சுமி இராஜதானிக் கலாசாலையிற் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே.

பட்டம் பெற்றவர் தம் வாழ்வைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் தம்மைப்போன்ற பெண்களைத் தேடினார். 1912இல் எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே, இளம் விதவைகள் நால்வரை வைத்துக்கொண்டு ஒரு விடுதி தொடங்கினார். அவருடைய சிற்றன்னை வாலாம்பாளும் ஒரு விதவை. வீட்டுப் பொறுப்பை அவர் ஏற்றார். பெண்கல்வி மேற்பார்வையாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்சு என்னும் அயர்லாந்து மாது அரசாங்கத்தின் உதவிக்கு வழி செய்தார். அரசாங்கம் உதவியதற்கும் ஒரு காரணமுண்டு. பெண் பள்ளிகள் பெருகவேண்டுமாயின் ஆசிரியைகள் வேண்டும். மணமான பெண்ணைக் குடும்பம் வேலைக்கு அனுப்பாது. மணமாகாத வயது வந்த பெண்ணோ அக்குலத்தில் இல்லை. ஒருவருக்கும் வேண்டாதவள் என்று மூலையில் தள்ளப்பட்ட குழந்தை விதவையே நாட்டுக்கு வேண்டிய ஆசிரியையாகக்கூடும் என்பதை இவ்விரு பெண்களும் கண்டனர்.

பெண்கள் பெருகவே, எழும்பூர் வீடு போதவில்லை. சில ஆண்டுகளில் விடுதி, திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள பனிக்கட்டி வீட்டிற்கு மாறியது. அவ்வீட்டின் கதை விந்தையானது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க, 1842இல் டியூடர் என்னும் வர்த்தகர் கட்டிய கிடங்கு அது. பின்னர் மாளிகையாகி, 1897இல் விவேகானந்தர் சில நாள் தங்கிய இடமும் அதுவே. துரைமார் பானத்தைக் குளிரவைக்கக் கட்டிய அக்கிடங்கு, இப்போது தலை மழித்த சிறுமியர் கூடிப் படிக்கும் கூடமாயிற்று. அதே கடற்கரைச் சாலையில் 1914இல் தொடங்கிய மாதர் கலாசாலை இருந்தது. 1917இல் அது இராணி மேரி கலாசாலை எனப் பெயர் பெற்றது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கலாசாலை எழுந்தபோது, அதன் முதல் தலைவியும் சுப்பலட்சுமி அம்மையாரே.

அங்கே வாழ்க்கை எத்தகையது? பிறந்த வீட்டில் பேர் சொல்லியும் அழைக்கப்படாத பெண்ணுக்கு, அங்கே பேர் இருந்தது, வகுப்பு இருந்தது, பக்கத்தில் தன்னைப்போலவே இருந்த இன்னொருத்தி இருந்தாள். தன் தலைவிதியென்று தனியே அழுதவள், பலருக்கும் ஒரே விதி எழுதப்பட்டிருக்கக் கண்டபோது, அதை எழுதியவன் கடவுளல்லன், வழக்கமே என்று உணர்ந்திருப்பாளன்றோ? ஒருத்தியின் துன்பம் துன்பமாகவே நிற்கும். பலர் கூடி ஒரே துன்பத்தைப் பார்க்கும்போது அது கேள்வியாகும். விடுதி வாழ்க்கையின் முதற் பயன் இதுவே. படித்து வெளியேறியவர்கள் ஆசிரியைகளாய்ச் சம்பளம் பெற்றுத் தம் காலில் நின்றனர். தம்மை மூலையில் ஒதுக்கிய குடும்பத்திற்கே பொருள் அனுப்பும் நிலையும் பெற்றனர். நாட்டார் அம்மையாரை 'சிஸ்டர்' என்றே அழைத்தனர். எந்தச் சங்கமும் சின்னம் குத்தி வழங்காத அப்பட்டம், 1969இல் அவர் மறையும்வரையிலும், மறைந்த பின்னும் அவர் பெயரோடு நிலைத்தது.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. பனிக்கட்டி வீடு பிராமண விதவைகளுக்கென்றே ஏற்பட்ட வீடு. ஆசாரம் கெடாது என்னும் உறுதி இருந்தாலன்றிப் பெற்றோர் பெண்ணை அனுப்பார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் மெய்யே. ஆனால் கைம்மை பிராமணப் பெண்ணுக்கு மட்டுமா? அறியாமை ஒரு குலத்திற்கு மட்டுமா? சகுனப் பிழை என்று விலக்கப்பட்டவர்களின் வீட்டிற்கும் ஒரு வாசற்படி இருந்தது. அதன் வெளியேயும் பெண்கள் நின்றனர்.

கதவைத் தட்டிய பெண்கள்

அவ்வாறு வெளியே நின்றவர்களுக்குக் கதவு திறந்தவர் அதே 1886இல், சுப்பலட்சுமி அம்மையாருக்குச் சில நாள் முன்னே, ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே அவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபிற் பிறந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையில் ஆண்களுக்கிடையே ஒரே பெண்ணாய்த் திரைக்கு அப்பாலிருந்து பாடம் கேட்டவர். ஒருவர் பனிக்கட்டி வீட்டின் விதையை எழும்பூரில் ஊன்றிய அந்த 1912இலேயே மற்றவர் சென்னை மருத்துவக் கலாசாலையில் தேறினார். சட்டசபையில் உபதலைவராகி, கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அப்போராட்டம் 1947இற் சட்டமாக முடிந்தது.

1930ஆம் ஆண்டில், அவ்வழக்கத்திற்குத் தப்பிவந்த சிறு பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை நகரத்து விடுதிகளிற் சேர்க்க அவர் முயன்றார். பிறப்பைக் காரணங்காட்டி விடுதிகள் மறுத்தன. எந்தக் குலத்திற் பிறந்தாய் என்று கேட்காத விடுதி சென்னையில் அவர்களுக்கு அகப்படவில்லை. அம்மையார் வேறு கதவைத் தேடுவதை விட்டுத் தம் வீட்டுக் கதவையே திறந்தார். அதுவே ஔவை இல்லம் ஆயிற்று. எக்குலத்துப் பெண்ணும், ஆதரவற்றவள் என்ற ஒரே தகுதியோடு அங்கே நுழையலாம். சொராரிட்டியில் வாக்களித்துச் சேர்க்கின்றனர். ஔவை இல்லத்திற் சேர, வேறெங்கும் இடமில்லாமையே வாக்காயிற்று.

விடுதியிற் பந்தி பிரித்ததால் ஒரு நாட்டின் அரசியலே மாறியதுமுண்டு. 1924, 1925ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் தனியே உண்டனர் என்பதால் எழுந்த கிளர்ச்சி, பெரியார் ஈ. வெ. ராமசாமி காங்கிரசைவிட்டு வெளியேறியதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இரண்டு இலையை எங்கே போடுவது என்பது அற்பக் காரியமென்று சிலர் நகைத்தனர். அற்பமன்று. பாடசாலை பகலில் ஆறு மணி நேரம் கற்பிக்கிறது. விடுதி மற்றப் பதினெட்டு மணி நேரமும் கற்பிக்கிறது. புத்தகத்திற் சமத்துவம் படித்து, பந்தியில் வேற்றுமை உண்டால், உடம்பில் ஒட்டுவது உண்டதே.

மலையகத்தின் பாடம்

நம் மலாயா நாட்டின் நிலை யாது? 1877இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து வளர்ந்த தொழிலுக்கு நம் முன்னோர் கூலிகளாய் வந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டும் என்றது. வைத்தார்கள். லயத்தின் ஓரத்தறை பள்ளி. கிராணியோ கங்காணியோ வாத்தியார். ஆண் பிள்ளை சில வகுப்புப் படித்தான். பெண் பிள்ளை, தாய் பெரட்டுக்களத்திற்குப் புறப்பட்ட பின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். சற்றே வளர்ந்ததும் தானும் மங்கு துடைக்கப் போனாள். நகரத்துக் கிராணி வீட்டுப் பெண் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றாள். இருவரும் தமிழ்ப் பெண்களே, ஒருவரையொருவர் அறியார்.

அவ்விருவரும் முதன்முதலாகப் பெருந்தொகையில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இடம் கலாசாலையன்று, படைமுகாம். 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார். சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோர் தமிழர். தோட்டங்களிலிருந்து வந்தோர் பலர். ஈப்போவிலிருந்து ராசம்மா நவரத்தினமும் அவருடன் பிறந்த பொன்னம்மாவும் சென்றனர். தோட்டத்து ஆண்கள் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்துகொண்டிருந்த கொடுங்காலம் அது. அப்போரின் அரசியலைப்பற்றி அறிஞர்கள் பலபடக் கூறுவர். அஃது ஈண்டு நம் பொருளன்று. பால் வெட்டியவளும் ஆங்கிலம் படித்தவளும் ஒரே சோற்றை ஒரே பந்தியில் உண்டு, அடுத்தடுத்த படுக்கையில் உறங்கினர் என்பதே நம் பொருள். எந்தச் சட்டமும் எந்தப் பள்ளியும் அதுவரை செய்யாத காரியம் அது.

அதன் பயனை ஒருவர் வாழ்விற் காண்கிறோம். போர் முடிந்தபின் ராசம்மா சர்வகலாசாலையிற் பயின்று ஆசிரியையானார். ராசம்மா பூபாலன் என்று நாடறியப் பெயர் பெற்றார். ஆணும் பெண்ணும் ஒரே பாடத்தை ஒரே நேரம் கற்பித்தும், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் தந்த காலம் அது. 1960இல் அவர் ஆசிரியைகளுக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டு, சம ஊதியத்திற்குப் போராடினார். நம் நாட்டில் எழுந்த சகோதரி சங்கம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், நாம் அதனையே சுட்டுவோம். அதற்கு மாளிகை இல்லை. இரவு வாக்கெடுப்பு இல்லை. ஆசிரியை என்பதே நுழைவுச் சீட்டு.

இன்றைய பேராக்கில்

இன்று காலம் மாறியுள்ளது. ரப்பர் மரங்கள் நின்ற பல மலைச்சரிவுகளிற் செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. லயத்து மக்கள் நகரோரக் குடியிருப்புக்களுக்குப் பெயர்ந்தனர். 1922இல் மலாய் இளைஞருக்கென்று தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கலாசாலை, 1997இற் சர்வகலாசாலையாயிற்று. அங்கே தமிழ்மொழிக் கல்விக்கும் இடமுண்டு. தமிழ்ப் பெண்கள் அதன் விடுதிகளிலிருந்து ஆசிரியைகளாய் வெளிவருகின்றனர். கம்பாரிலும் 2007 முதல் ஒரு சர்வகலாசாலை வளாகம் இயங்குகிறது. பாட்டி மங்கு துடைத்த மாநிலத்தில் பேத்தி விடுதிச் சாவியைக் கையில் வைத்திருக்கிறாள்.

நம் நாட்டுச் சர்வகலாசாலைகளிற் சொராரிட்டி இல்லை. விடுதியறையை நிர்வாகம் ஒதுக்குகிறது. இரவு வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனால் நம் பெண்கள் வாக்களிப்பதே இல்லையென்று எண்ணவேண்டா. உணவுக்கூடத்தில் எந்த மேசையில் யார் அமர்வது என்பது ஒரு வாக்கு. ஆங்கிலம் தடுமாறுகிறவளைப் பார்த்து நகைப்பது ஒரு வாக்கு. 'அவள் தோட்டத்துப் பெண்' என்று தாழ்ந்த குரலிற் சொல்வது ஒரு வாக்கு. புதியவளைக் கேலி செய்து அழவைத்து, அதனைப் பழக்கம் என்று பெயரிடுவதும் ஒரு வாக்கே. எந்தச் ஜாதி என்று நேரே கேளாமல், எந்த ஊர், யார் மகள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பதன் பொருளும் நாம் அறியாததன்று. குடும்பத்திலேயே முதன்முதல் கலாசாலை புகுந்த பெண்ணொருத்தி முதலாண்டிலேயே படிப்பை விட்டு வீடு திரும்பினால், அதற்குப் பாடத்தின் கடுமை மட்டும் காரணமாகாது. சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் இல்லாமையும் காரணமாகலாம்.

ஆகவே, கலாசாலைச் சகோதரி வாழ்க்கை உண்மையில் எத்தகையது என்னும் கேள்விக்கு நாம் கண்ட விடை இதுதான்: அது நல்லதும் தீயதும் கதவின் செய்கையால் ஆகிறது. ஏளனத்திற்கு எதிராகப் பெட்டி லாக் கட்டிய வீடு, பிறரை ஏளனம் செய்யும் வீடாக மாறியது. அவ்வீட்டிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தம் வீட்டைத் தோட்டம்வரையில் கொண்டுபோயினர். சிஸ்டர் சுப்பலட்சுமி ஒரு கதவு திறந்தார்; அது திறவாத இடத்தில் முத்துலட்சுமி அம்மையார் இன்னொன்று திறந்தார். ஒருவர் திறந்த கதவோடு வேலை முடிந்ததென்று எந்தத் தலைமுறையும் அமரவியலாது.

மூத்த மாணவிகளாகிய தங்கையரே! புதியவள் பெட்டியோடு விடுதி வாசலில் நிற்கும் முதல் நாள் மாலை, அவளிடம் ஊரும் குலமும் கேளாமல், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, பழைய தோட்டத்துக் குடியிருப்பில் மேல்வகுப்புப் படிக்கும் பெண்கள் இருவரையாவது அழைத்துப் பாடம் சொல்லுங்கள். கலாசாலைக்கு மனுப் போடும் முறையைக் காட்டுங்கள். மிசிசிப்பிக்குச் சென்ற பெண்கள் கடந்த தூரத்தை நீங்கள் கடக்க வேண்டுவதில்லை. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போதும்.

பெற்றோர்களே! பெண்ணை அனுப்பத் தயங்காதீர்கள். "அங்கே உனக்கு யார் துணை?" என்று கேட்பதோடு நில்லாமல், "அங்கே நீ யாருக்குத் துணையாவாய்?" என்றும் கேட்டு அனுப்புங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பெண்கள் ஒரு விடுதியிற் பத்துப்பேர் இருப்பின், முதற் கேள்வியைக் கேட்டு அஞ்சவேண்டிய தாய் எந்தத் தோட்டத்திலும் இராள்.